விளக்கு வைத்த பிறகு மோர்

1. கோடையில் மின்சாரம் வந்த நேரத்தைவிடப் போன நேரம் அதிகம். குளிர்பெட்டியில் இருந்த தயிர் புளித்து, நாறி, சாக்கடைக்குப் போனது.

2. தாகேதா பேட்டையில் எங்கள் சந்து தாழ்வானது. மழைத் தண்ணீர் தேங்கினால் ஊரின் மறுகோடி இன்சீனிலிருந்து பால்காரர் வரமாட்டார். அதனால் வெயில் இருக்கும்போதே நெய், மோர்மிளகாய், தயிர் வற்றல் மூன்றும் செய்துவைத்தேன்.

3. மழை வந்தது, தண்ணீர் தேங்கியது. பால்காரர் வரவில்லை.

4. பக்கத்து வீட்டுக்காரர் காய்ச்சலில் படுத்தார்.

நான்காவது என் திட்டத்தில் இல்லை.

உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை எனக்கு. ஈரம் போனால் கெடாது என்பது அங்கே தினசரிப் பாடம். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, நீர் வடிந்ததும் உப்புப் போட்டுப் பிசைந்து, கிள்ளிக் கிள்ளி வைத்துத் தகரக் கூரைமேல் காயவைத்தேன். மேலே கொசுவலை. உடைத்தால் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை காயவேண்டும்.

அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார். “சுண்ணாம்புக் கட்டி மாதிரி இருக்கு. வெத்தலைல தடவிக்கவா?”

பக்கத்து வீட்டுப் பெண்ணை மமா என்று கூப்பிடுவேன். அக்கா என்று அர்த்தம். அவருக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. கணவர் சைக்கா ஓட்டுகிறவர், பக்கத்தில் இருக்கை வைத்த மிதிவண்டி. அவருக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, ஆனால் எதுவும் வயிற்றில் தங்கவில்லை. ஒருநாள் மாலை மமா இடுப்பளவு நனைந்து வேலையிலிருந்து திரும்பி, நேரே எங்கள் வாசலுக்கு வந்தார். பேச்செல்லாம் பர்மியத்தில்தான்.

“ஆன்ட்டி, நேத்திலேருந்து வெறும் தண்ணிதான் குடிக்கிறாரு. கஞ்சியைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு. புளிப்பா ஏதாவது இருந்தா சாப்பிடுவாராம். இந்த வெள்ளத்துல தயிருக்கு எங்க போவேன்?”

நான் வற்றல் டப்பாவை எடுத்துவிட்டேன். அம்மா என் கையைப் பிடித்தார். சாமி மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“விளக்கு வெச்சாச்சு. பாலும் தயிரும் இந்நேரத்துல வாசல் தாண்டக்கூடாது” என்றார் தமிழில், என்னிடம் மட்டும்.

“இது தயிரே இல்லம்மா, வத்தல்.”

“தண்ணி ஊத்துனா என்ன ஆகும்?”

மமா எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு, “பரவால்ல ஆன்ட்டி” என்று பின்வாங்கினார். அம்மாவுக்கு அதுதான் தாங்கவில்லை.

“எங்கடி போற? வெளிய குடுக்கத்தான் கூடாது. உள்ள உக்காந்து குடிச்சா யாரு கேக்கறது? அவரைக் கூட்டிட்டு வா.”

இரண்டு வீட்டுக்கும் நடுவே பலகை போட்டிருந்தோம். கீழே கறுப்புத் தண்ணீர். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு அவர் ஒவ்வொரு அடியாக வந்தார். இந்தப் பக்கம் அம்மா கை நீட்டிக்கொண்டு நின்றார். நான் கொதித்து ஆறிய நீரில் வற்றலைக் கரைத்து, கடைந்து, வடிகட்டினேன்.

அவர் ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினார்.

“கடல் தண்ணியையும் சேத்துக் காயவெச்சியா, தங்கச்சி?”

உப்பு அதிகம்தான். கெட்டுவிடக்கூடாது என்று போட்டது. இன்னும் தண்ணீர் விட்டுக் கொடுத்தேன். டம்ளர் காலியானது. அதன்பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார், வாந்தி வரவில்லை. மமா தலையைக் குனிந்து ஈர லுங்கியைப் பிழிவதுபோல முறுக்கிக்கொண்டே இருந்தார்.

தண்ணீர் வடியும்வரை தினமும் விளக்கு வைத்ததும் அவர் பலகை தாண்டி வந்தார். பகலில் கொடுத்தனுப்பலாமே என்றேன். “வந்து குடிக்கட்டும். நடந்தா பசிக்கும்” என்றார் அம்மா.

இப்போது அவர் மறுபடி சைக்கா மிதிக்கிறார். நெய் இருக்கிறது, மோர்மிளகாய் கொஞ்சம் இருக்கிறது. வற்றல் தீர்ந்துவிட்டது. மழை இன்னும் முடியவில்லை.