ஓடாமலே குடித்த பெட்ரோல்

டில்லிக்கு வந்து இருபத்தைந்து வருஷமாகியும் ஒரு விஷயம் எனக்குப் பழகவில்லை. இங்கே குளிர்காலத்தில் கார்களும் குளிர்காயும். கிட்வாய் நகரில் காலை ஏழு மணிக்கு ஜன்னலைத் திறந்தால், பனிமூட்டத்துக்குள் நாலைந்து வண்டிகள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும், உள்ளே ஆளிருக்காது. நமக்குத் தெரிந்ததெல்லாம் வண்டி சூடானால் ஓரமாக நிறுத்தி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி ஆற்றுவதுதான். வேண்டுமென்றே அதை உட்காரவைத்துச் சூடுபண்ணுகிற ஊரை நான் திருநெல்வேலியில் இருந்தவரை கேள்விப்பட்டதில்லை. ஆனால் வண்டி வாங்கிய முதல் டிசம்பரில் ஒரு நாள் அது ஸ்டார்ட் ஆகாமல் இருமியது பாருங்கள், எஞ்சினுக்கே நிமோனியா கண்டதுபோல் பதறிவிட்டேன். அன்றே நானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன்.

வண்டி ஒரு சின்ன எஸ்.யூ.வி. ஜீப்புக்கும் காருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்கும். சம்பளக் கமிஷன் அரியர்ஸ் கைக்கு வந்த ஜோரில் வாங்கியது. அதை டில்லியிலிருந்து ஓட்டிக்கொண்டே போய் எங்கள் தெருவில் நிறுத்தி ஹாரன் அடிக்கவேண்டும் என்று ஆசை. சாமான் ஏற்ற வேண்டுமே என்று முதல் வாரத்திலேயே கூரையில் கேரியர் மாட்டினேன். கேரியர் மாட்டியதோடு பயணம் நின்றது. வண்டியைத் தினமும் துடைக்கிற ராம்பிரவேஷ் மட்டும் அந்தக் கேரியரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, "சாப், காவ் கப் சலேங்கே?" என்று கேட்பார். ஊருக்கு எப்போது கிளம்புகிறோம் என்று, தானும் வரப்போகிறவர் மாதிரி. பீகாரில் எங்கோ ஒரு கிராமம் அவருக்கு. என் வயதுதான். எங்கள் பிளாக்கில் ஏழு வண்டிகள் அவர் பொறுப்பு. வாளியும் இரண்டு துணியும் மூலதனம்.

இரண்டாவது குளிர்காலத்தில்தான் மைலேஜ் பூதம் பிடித்தது. ஷோரூமில் டை கட்டிய பையன் லிட்டருக்குப் பதினாறு என்று சத்தியம் செய்திருந்தான். டில்லி டிராஃபிக்கில் பன்னிரண்டு கிடைத்தது. சரி, பையன் டை கட்டியிருந்தான், கொஞ்சம் இறுக்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இப்போது டேங்கை நிரப்பி, மறுபடி நிரப்பி, வகுத்துப் பார்த்தால் எட்டு. ஆபீசில் நோட் ஷீட்டின் ஓரத்தில் மறுபடி வகுத்தேன், அப்போதும் எட்டுதான். வாரத்துக்கு மூன்று தடவை டயருக்குக் காற்றடித்தேன். வழக்கமாகப் பெட்ரோல் போடும் பம்பை விட்டு வேறு பம்புக்குப் போனேன். பம்ப்காரன் "ஜீரோ தேக் லீஜியே, சர்," ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்போது சாமி கும்பிடுகிற மாதிரி மீட்டரையே வெறித்தேன். மேம்பாலத்தில் இறங்கும்போது நியூட்ரலில் போட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டேன், என் மூச்சும் ஒரு பாரம் என்பதுபோல. கடைசியில் ஸ்டெப்னி டயரைக் கழற்றி மாடிக்கு உருட்டிக்கொண்டு வந்து கட்டிலுக்கடியில் வைத்தேன். என் மனைவி செண்பகம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வெயிட்ட கொறைக்கணும்னா நீங்க எறங்கிருங்க. அது போதும்."

மெக்கானிக் சர்தார்ஜி வண்டியைச் சுற்றி வந்து ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொன்னார்: கேரியரைக் கழற்று, காற்று பிடிக்கிறது. நான் கழற்றவில்லை. அதைக் கழற்றினால் ஊருக்குப் போகப் போவதில்லை என்று கையெழுத்துப் போட்டமாதிரி ஆகிவிடும். அதைவிட எளிதான ஒரு காரணம் எனக்குக் கிடைத்தது. வண்டிச் சாவி தினமும் காலையில் யார் கைக்குப் போகிறது? செண்பகம் பால்கனியிலிருந்து கயிற்றில் கட்டி இறக்குவாள், ராம்பிரவேஷ் வாங்கிக்கொள்வார். வண்டி நிற்பது பிளாக்குக்குப் பின்னால், பூங்காச் சுவரோரம். அங்கே என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒரு ரப்பர் குழாயும் ஒரு கேனும் இருந்தால் போதாதா?

"என்ன பேச்சு பேசுதீங்க?" என்றாள் செண்பகம். "அந்த மனுசன் மொகத்தப் பாத்தா களவாங்குத மாதிரியா இருக்கு?"

முகத்தைப் பார்த்துக் களவு சொல்ல முடிந்தால் போலீஸ் எதற்கு என்று கேட்டேன். எனக்கு எப்போதும் ஒரு பதில் இருக்கும். அதுதான் என் வியாதி.

அந்த வியாதியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். தமிழில் நான் வாய் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். ஹிந்தியில் இருபத்தைந்து வருஷமாக ஒருத்தர்கூடச் சிரித்ததில்லை. பால் பூத்தில் காலையில் கூடுகிற எங்கள் பிளாக்குக்காரர்கள், பாட்டியா, குப்தா எல்லோரும் என் ஜோக்கை மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அச்சா, ஃபிர்?" என்பார்கள். அப்புறம் என்ன ஆச்சு என்று அர்த்தம். ஜோக் முடிந்துவிட்டது என்று நானே சொல்லவேண்டியிருக்கும். அந்த ஜனவரியில் ஒரு நாள், பால் பையை ஆட்டிக்கொண்டே சொன்னேன்: என் வண்டிக்குக் குளிர் அதிகம், ராம்பிரவேஷோடு சேர்ந்து இரண்டு பேரும் தினம் ஒரு பெக் போடுகிறார்கள், ஒரே பாட்டிலிலிருந்து, பாட்டில் என் பெட்ரோல் டேங்க்.

சிரித்தார்கள். பாட்டியா என் முதுகில் அறைந்து, "வாஹ், ஷங்கர் ஜி!" என்றார். குப்தா அதை அடுத்து வந்தவருக்குச் சொன்னார், அவரும் சிரித்தார். டில்லி அன்றுதான் என்னைச் சேர்த்துக்கொண்டது என்று எனக்குத் தோன்றியது. வீட்டுக்கு விசிலடித்துக்கொண்டு வந்தேன். மறுநாளும் அதையே சொன்னேன், கேனை எந்தக் கையில் பிடிப்பார் என்ற அபிநயத்தோடு.

ஆதாரம் வேண்டுமே. அடுத்த திங்கட்கிழமை காலை குரங்குக் குல்லா, மஃப்ளர், சால்வை எல்லாம் சுற்றிக்கொண்டு பூங்காச் சுவருக்குப் பின்னால் ஒளிந்தேன். உளவாளியாம். பல் தந்தியடித்த சத்தத்திலேயே யாரும் கண்டுபிடித்திருக்கலாம். ஏழு மணிக்கு ராம்பிரவேஷ் வந்தார். வாளியை வைத்தார். வண்டியைத் திறந்து, உள்ளே உட்காராமலே கையை மட்டும் நீட்டி ஸ்டார்ட் பண்ணினார். கதவைச் சாத்தினார். பிறகு ஐஸ் மாதிரித் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்தார். முடிந்ததும் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி பீடி பிடித்தார். வண்டி உறுமிக்கொண்டே இருந்தது. ஏழேகால். ஏழே முக்கால். எட்டேகால். எனக்குக் கால் மரத்துவிட்டது. குழாயும் இல்லை, கேனும் இல்லை.

தாங்காமல் சுவரைச் சுற்றி வெளியே வந்தேன். ஏன் அணைக்கவில்லை என்று கேட்டேன். அவர் எழுந்து பீடியைப் பின்னால் மறைத்தார்.

"ஆப் ஹீ நே தோ போலா தா, சாப்." நீங்கள்தானே சொன்னீர்கள், நான் வருகிற வரைக்கும் அணைக்காதே என்று.

சொன்னேன்தான். போன குளிர்காலத்தில், அந்த நிமோனியா பயத்தில். அப்போது மகளை லோதி ரோடு பள்ளியில் விடவேண்டும், ஏழேகாலுக்கெல்லாம் இறங்கிவிடுவேன். இப்போது அவள் சென்னையில் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறாள். நான் ரஜாய்ப் போர்வைக்குள் புரண்டு, இரண்டாவது காபி குடித்து, எட்டே முக்காலுக்கு இறங்கி, இதமாக இருக்கும் சீட்டில் உட்கார்ந்து, 'இப்போதுதான் ஸ்டார்ட் பண்ணியிருக்கிறான்' என்று நினைத்துக்கொள்வேன். அவர் நேரம் மாறவில்லை, என் உத்தரவும் மாறவில்லை. என் சோம்பல்தான் லிட்டர் லிட்டராகப் புகைந்திருக்கிறது.

சிரிப்பு வந்தது. இது பூத்தில் சொல்லவேண்டிய ஜோக் என்று திரும்பினேன். அப்போதுதான் கவனித்தேன். பாட்டியாவின் வண்டியை யாரோ புது ஆள் துடைத்துக்கொண்டிருந்தான். குப்தாவினுடையதையும்.

"ஏழில் எத்தனை மிச்சம்?" என்றேன்.

"ஆப்கீ வாலீ," என்றார் ராம்பிரவேஷ். உங்களுடையது மட்டும்தான். யாரும் காரணம் சொல்லவில்லையாம். சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். "கோயீ பாத் நஹீ, சாப்," பரவாயில்லை என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தார்.

எனக்கு ஒரு மொட்டைமாடி ஞாபகம் வந்தது. குமாஸ்தாவாக வந்த புதிதில் கரோல் பாகில் ஒரு பர்ஸாத்தியில், அதாவது மாடிமேல் ஒற்றை அறையில், குடியிருந்தேன். கரண்ட் மீட்டர் ஏதோ வேகமாக ஓடுகிறதென்று வீட்டுக்கார அம்மாள் ஒரு நாள் அக்கம்பக்கத்துப் பெண்களோடு மேலே வந்தாள். மதராஸி ஹீட்டரை ஒளித்துவைத்திருக்கிறான் என்று என் மெத்தையைத் தூக்கிப் பார்த்தாள். கிடைத்தது இட்லிப் பொடி டப்பா. திறந்து மோந்துவிட்டுத் தும்மினாள். பதினைந்து நாள் கழித்து அவர்கள் கெய்சரில்தான் கோளாறு என்று தெரிந்து, கிண்ணம் நிறையக் கேரட் அல்வா கொடுத்தனுப்பினாள். நெய் மிதந்தது. அதைக் கைப்பிடிச் சுவரில் காக்கைக்கு வைத்துவிட்டு, அந்த மாதமே காலி செய்தேன். இந்தக் கதையையும் நான் தும்மல் வரைக்கும்தான் சொல்லுவேன். அல்வாவைச் சொன்னதில்லை.

அன்று மாலை பூத்துக்குப் போய் எல்லோரிடமும் உள்ளதைச் சொன்னேன். தப்பு என்னுடையது, வண்டி சும்மா நின்று குடித்தது, நான் தூங்கினேன், அவர் மேல் ஒன்றும் இல்லை. கைகூப்பிக்கூடச் சொன்னேன். பாட்டியா விழுந்து விழுந்து சிரித்தார். "ஷங்கர் ஜி, ஆப் பீ நா!" நீங்களும் ஒரு ஆள்தான் என்று. இதுவும் ஜோக் என்று நினைத்துவிட்டார்கள். ஜோக் இல்லை என்றேன். அதற்கு இன்னும் சிரித்தார்கள். புது ஆள் ஜல்தி வேலை முடிக்கிறான், இனி எதற்கு மாற்றுவது என்றார் குப்தா. ஒவ்வொரு வீடாகவும் ஏறினேன். டீ கொடுத்தார்கள்.

செண்பகம் ராம்பிரவேஷுக்காகத் தேங்காய் பர்பி செய்து ஒரு டப்பாவில் போட்டுத் தந்தாள். "குடுத்துட்டு மன்னிப்புக் கேளுங்க" என்றாள். படியில் பாதி இறங்கினேன். கரோல் பாக் கைப்பிடிச் சுவரும், அந்தக் கிண்ணமும், என் இருபத்து மூன்று வயது முகமும் கண்ணில் வந்தன. டப்பாவோடு மேலே ஏறிவிட்டேன். வெறுங்கையோடு இறங்கிப் போய், நான்தான் அப்படிப் பேசினேன் என்று சொன்னேன். தெரியும் என்று தலையாட்டினார். முதல் நாளே தெரியுமாம்.

கேரியரைக் கழற்றவில்லை. மைலேஜ் பன்னிரண்டுக்குத் திரும்பிவிட்டது. அதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ராம்பிரவேஷ் வேறு காலனியில் நாலு வண்டி பிடித்திருக்கிறார். ஆனாலும் முதலில் இங்கே வந்து என் ஒரு வண்டியைத் துடைத்துவிட்டுத்தான் போகிறார். இப்போது ஏழு மணிக்கு நானே இறங்குகிறேன். சாவியை நீட்டுகிறேன். "ஆப் ஹீ ரக்கியே, சாப்," நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு கையையும் ஈரத் துணிக்குள் வைத்துக்கொள்கிறார். கேரியரின் கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைக்கிறார். ஊருக்கு எப்போது என்று கேட்பதில்லை.

பனிக்கு அந்தப் பக்கம் பால் பூத்திலிருந்து யாரோ, "ஷங்கர் ஜி, ஆயியே, குச் சுனாயியே!" வாருங்கள், ஏதாவது சொல்லுங்கள் என்று கூப்பிடுகிறார்கள். இத்தனை வருஷம் நான் காத்திருந்த குரல் அது. சாவி நீட்டிய கையோடு, அணைந்திருக்கும் வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன்.