உண்ணிக்காட்டில் கண்ணாடிக் கடைக்காரர்

அந்தக் குடியிருப்பின் பின்பக்கம், ஓடையை ஒட்டி, கட்டியவர்கள் கை வைக்காமல் விட்டிருந்த ஒரு துண்டு நிலம் இருந்தது. விளம்பரத்தில் அதற்கு ‘இயற்கை வனம்’ என்று பெயர். நேரில் போனால் வனத்தைக் காணோம், உண்ணிச்செடிதான் இருந்தது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த அந்தப் புதர், மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, முள்ளும் நெடியுமாக ஆளுயரத்துக்கு வளர்ந்து, வேறெதையும் தலையெடுக்க விடாமல் அடைத்துக்கொண்டிருந்தது.

அதை ஒழிக்கும் பொறுப்பு மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் தலையில் விழுந்தது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தின் நடுவில் ஃபோன் வந்ததென்று வெளியே போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். யாருக்கோ பாராட்டு என்று நினைத்து அவரும் பலமாகத் தட்டினார்.

“பால்கனியில ஒரு தொட்டிச் செடிய உங்களால காப்பாத்த முடியல. உங்கள நம்பிக் காட்டக் குடுத்திருக்காங்களா?” என்றாள் மனைவி.

“காப்பாத்தத்தான் எனக்கு வராது. இப்ப சாகடிக்கச் சொல்லியிருக்காங்க. அது தானா வரும்,” என்றார்.

அதுவும் வரவில்லை. மனைவியின் தம்பி பக்கத்துக் கட்டடத்தில்தான் இருந்தான். இருவரும் பெரிய கத்தரிகளோடு இறங்கி, நாள் முழுக்க வெட்டி, புதரை இடுப்பளவுக்குக் கொண்டுவந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுத்த மழைக்கு, வெட்டிய கிளை ஒவ்வொன்றும் நான்காகப் பிரிந்து முன்னைவிட நெருக்கமாகத் தழைத்தது.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் வந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, “நல்லா கட்டிங் பண்ணி விட்டிருக்கீங்க சார். இப்பத்தான் அடர்த்தியா வருது,” என்றார்.

கண்ணாடிக்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். “தெரிஞ்சிருந்தா இங்கயும் வெட்டி விட்டிருப்பேன்.”

பிறகுதான் விசாரித்தார். மேலே வெட்டிப் பயனில்லை, மண்ணுக்குள் வேர்க்கட்டையை அறுத்து எடுக்க வேண்டும் என்று தெரிந்தது. அத்தனை புதருக்கும் குனிந்து எழுந்தால் தன் இடுப்பும் கூடவே அறுந்துவிடும் என்று பயந்தார். மச்சினன் உடனே வழி சொன்னான். “மெஷின வரவச்சிடலாம் மாமா. ஒரே நாள்ல வழிச்சுப் போட்டுடும்.” சங்கமும் சரி என்றது. கண்ணாடிக்காரருக்கு மனப்பாரம் இறங்கியது. சோம்பேறித்தனத்துக்குத் திட்டம் என்று பெயர் வைத்தால் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

இயந்திரம் எதுவரை வரலாம் என்று நாடா கட்டி அடையாளம் வைக்க அவர் மட்டும் உள்ளே நுழைந்தார். கொஞ்ச தூரத்திலேயே முள் சட்டையைப் பிடித்தது. உதறினார், முதுகையும் பிடித்தது. திமிறியதில் கிளை ஒன்று முகத்தில் அடித்து, கண்ணாடி தெறித்துப் போனது. ஊருக்கெல்லாம் பார்வை கொடுக்கிறவருக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் நீட்டிய கையின் விரல்களே கலங்கல்தான். மண்டியிட்டு, மூக்கு மண்ணில் உரசத் தடவிக்கொண்டே போனார்.

கிட்டப்பார்வைக்காரருக்கு ஒரு சலுகை உண்டு: மூக்குக்கு முன்னால் இருப்பது கண்ணாடி இல்லாமலே துல்லியமாகத் தெரியும். அப்படித்தான் அந்தக் கன்று தெரிந்தது. சுண்டுவிரல் நீளம், நான்கே இலை. பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் வேறு இலையோடு வேறொன்று. வெயில் படாமல் வெளிறிப்போய், ஆனாலும் சாகாமல், ஓடையின் அக்கரைப் பெருமரங்களின் பிள்ளைகள் புதருக்கடியில் நின்றிருந்தன. கண்ணாடியைத் தேடுவதை மறந்து தவழ்ந்துகொண்டே இருந்தார்.

தேடி வந்த மனைவிக்கு முதலில் கால்கள்தான் தெரிந்தன. “என்னங்க, விழுந்துட்டீங்களா?”

“இல்ல. பாத்துட்டிருக்கேன்.”

“கண்ணாடி இல்லாம எதப் பாக்கறீங்க?”

“நீயும் குனி. சொல்றேன்.”

இயந்திரத்தை வேண்டாமென்று சொல்ல அவர் சங்கச் செயலாளரம்மாவிடம் போனபோது முழங்கை முழுக்கக் கீறல். “உறுதியா வரச் சொல்லியாச்சே. முதல்ல வேணுங்கறீங்க, இப்ப வேண்டாங்கறீங்க,” என்றார் அந்த அம்மா.

“முதல்ல சொன்னப்ப கண்ணாடி போட்டிருந்தேன் மேடம். ஒண்ணும் தெரியல.”

கேலி என்றுதான் முதலில் அவர் முகம் சுளித்தார். ஆனாலும் வந்தார், மூட்டுவலியோடு முனகிக்கொண்டே மண்டியிட்டார், எழும்போது, “மெஷின்காரர்கிட்ட நானே பேசிக்கறேன்,” என்றார்.

அதன்பின் வேலை மாறியது. முக்காலி ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கன்றுகளை மிதிக்காமல் ஒவ்வொரு புதராக வேர்க்கட்டையோடு எடுத்தார். திரும்ப வேர் பிடிக்காதபடி தலைகீழாகக் கவிழ்த்துக் காயப்போட்டார். ஒருமுறை மும்முரத்தில் நல்ல கன்றையே பிடுங்கிவிட்டு, மச்சினன் பார்ப்பதற்குள் நட்டு, அதன் மேல் நிழல் விழ நின்றுகொண்டார். அது அவரை மன்னித்துப் பிழைத்தது. லிஃப்ட்காரரும் வந்தார், இன்னும் சிலரும் வந்தார்கள். வராதவர்கள் மாடியிலிருந்து யோசனை சொன்னார்கள்.

இப்போது ஓடையோரம் ஒரு மூலை மட்டும் வெளிச்சமாக இருக்கிறது. கன்றுகள் முழங்கால் உயரம் வந்துவிட்டன. மற்றபடி உண்ணிதான். எடுத்த இடத்திலும் பறவைகள் விதையைப் போட்டுவிட்டுப் போகின்றன. மழை விட்டதும் முளையிலேயே கையால் பிடுங்க வேண்டியிருக்கிறது.

“எப்ப முடியும் மாமா?” என்றான் மச்சினன், வியர்வையைத் துடைத்துக்கொண்டே.

“முடியாதுடா,” என்றார் அவர், முக்காலியை அடுத்த புதருக்கு நகர்த்தியபடி. “கால எடு. ஒண்ண மிதிச்சிட்டிருக்க.”