இரண்டாவது சேனல்

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. இது என் அக்கா வீட்டில், ஃபின்லாந்தின் குசாமோவுக்கு வடக்கே, டிசம்பர் பதினான்காம் தேதி நடந்தது. நேரத்தையெல்லாம் அன்றே ஓர் அட்டையில் குறித்து வைத்தேன்.

மதியம் 2:50. எங்கள் டிசம்பரில் அதற்குள் இருட்டிவிடும். அக்கா ஹில்க்காவின் மூச்சு இயந்திரம் ‘டொக்’ என்று நின்றது. அவளுக்கு நுரையீரல் பழுதாகி மூன்று வருடமாகிறது. அவசரத்துக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர் நாலரை வரைதான் தாங்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். பனி சாலையை மூடிவிட்டதாம், ஐந்தரைக்கு முன்னால் வர வழியில்லையாம்.

“ரேடியோ நோண்டுற பய கையில என் உசுரா? விளங்கிடும், உர்ஹோ!” என்றாள் அக்கா. சிரிக்கப் பார்த்து இருமினாள்.

காரில் என் ஆசிலோஸ்கோப் இருந்தது. மின்சாரம் ஓடுவதைத் திரையில் கோடாகக் காட்டும் சின்னப் பெட்டி அது. கணினியில் செருகினால் போதும். பழைய லேப்டாப்போடு சேர்த்து, தபாலில் ஒரு விதவை அம்மாவிடம் வாங்கியது. ஒயர் செருக இரண்டு துளைகள் உண்டு, சேனல் என்போம். ஆனால் ஒயர் ஒன்றுதான் வந்தது.

லேப்டாப்பில் பேட்டரி செத்திருந்தது, சுவரில் செருகித்தான் ஆக வேண்டும். ஆனால் மூச்சு இயந்திரத்துக்குள் இருக்கும் இந்த மாதிரி போர்டில் ஸ்கோப் ஒயரின் எர்த் கிளிப்பை மாட்டினால், மின்சாரம் பிளக்கின் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸ் போய்விடும். அதனால் பிளக்கின் எர்த் பட்டையில் கறுப்பு டேப்பை ஒட்டினேன். எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் எல்லோரும் செய்யும் திருட்டுவேலைதான். ஆனால் கிளிப்பை மாட்டியதும் லேப்டாப்பின் உலோகமே ஷாக் அடிக்கும். தொடாமல் இருந்தால் சரி என்று சொல்லிக்கொள்வோம்.

3:31. கிளிப்பைக் கையில் எடுத்தேன்.

திரையில் நீலக் கோடு துள்ளியது. நீலம் இரண்டாவது துளைக்குரியது. அதில் ஒயரே இல்லை...

ஏறியது. இறங்கியது. மருத்துவமனைத் திரையில் அக்காவுக்குப் பார்த்த அதே இதயத் துடிப்பு. பதினோரு முறை. பிறகு நேர்கோடு.

கிளிப்பைக் கீழே வைத்தேன். ஒன்றுமில்லை. 3:40க்கு மறுபடி எடுத்தேன். மறுபடி பதினொன்று. மறுபடி நேர்கோடு.

“அக்கா, இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ.”

அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. சிலிண்டர் முள் சிவப்பைத் தொட்டிருந்தது. பேயாவது பிசாசாவது, இவள் போய்விடுவாள் என்று அழுதேன்.

4:07. பல்லைக் கடித்துக்கொண்டு கிளிப்பை நீட்டினேன். இடது கை தன்னால் லேப்டாப்பை நோக்கிப் போனது.

“டேய்...” அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது போல இருந்தது. “உன் பின்னால நிக்கிற ஆளை... உட்காரச் சொல்லேன்டா.”

திரும்பவில்லை.

திரையில் நீலத் துடிப்பு ஏழு... எட்டு... ஒன்பது...

லேப்டாப் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன்!

டார்ச்சை அடித்து வெறும் கண்ணால் போர்டைத் துழாவினேன். ஓரத்தில் ஓர் ஈயப்பற்று மயிரிழையாய் விரிசல் விட்டிருந்தது. சூடு வைத்து ஒட்டினேன். 4:24. இயந்திரம் மூச்சுவிட்டது. அக்காவும் விட்டாள்.

ஜனவரியில், பெட்டியை விற்ற அம்மாவுக்குப் போன் செய்தேன். இரண்டாவது துளை பழுதா என்று கேட்கத்தான்.

“பிளக்குல டேப் ஒட்டினீங்களா, தம்பி?” என்றார் எடுத்த எடுப்பிலேயே.

“ஆமாம்மா,” என்றேன்.

“என் வீட்டுக்காரரும் ஒட்டியிருந்தாரு. நான் ஓடிப் போய்ப் பார்த்தப்போ கீழே கிடந்தாரு. திரையில நீலக் கோடு மட்டும் ஓடிட்டிருந்துச்சு. பதினோரு தடவை துடிச்சுது. நான் எண்ணினேன். அப்புறம்...”

அழுதார். நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

“அந்த இரண்டாவது ஒயர் எங்கேம்மா?”

“அவர் விரலைப் பிரிக்க முடியல, தம்பி. ஒயரை அறுத்துட்டு, அந்தக் கையோடயே புதைச்சோம்.”