தெர்சியெவ் திருத்திய கோப்பு

சர்வரின் அமைப்புக் கோப்பில் வேண்டாத வரியை ஒக்னியான் தெர்சியெவ் அழிக்க மாட்டார். அதன் தலையில் ஒரு ஹேஷ் குறி போடுவார். அதோடு அந்த வரி செல்லாமல் போய்விடும், ஆனால் படிக்கக் கிடைக்கும். கீழே புதிய வரி, பக்கத்தில் தேதி, தன் பெயரின் முதலெழுத்துகள், பழைய வரியை எழுதியவனைப் பற்றி ஒரு கருத்து. "ரூமன் இதை அறுபத்து நாலு என்று வைத்தான். ரூமன் மாடு மேய்க்கப் போயிருக்கலாம்." ரூமன் இவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர், ஓய்வு பெற்றுப் பல வருடமாகிறது. திட்டித் தீர்க்க ரூமனின் வரிகள் மிச்சமில்லாததால், இப்போதெல்லாம் போன வருடம் தான் எழுதியதையே யாரோ எழுதியது போலத் திட்டுகிறார்.

டான்யூப் கரையில் உள்ள எங்கள் நகராட்சியில், தரைத்தள நடைபாதையின் கோடியில், ஜன்னல் இல்லாத அறையில் சர்வர் இருக்கிறது. லினக்ஸில் ஓடும் ஒரே ஒரு டேட்டாபேஸ். ஊரில் யார் பிறந்தார், யார் யாரைக் கட்டினார், எந்தக் குழந்தைக்கு எந்தப் பள்ளி என்பதெல்லாம் அதற்குள். தெர்சியெவ் அதை 'கிழவி' என்பார். வெளியே முப்பத்தைந்து டிகிரி கொளுத்தும்போதும் உள்ளே பதினெட்டுதான். அதனால் அவர் வருடம் முழுக்கக் கம்பளி அரைச்சட்டை போட்டிருப்பார், நாங்கள் வருடம் முழுக்கத் தயிரையும் தக்காளியையும் அவரிடம் கொடுத்து வைத்திருப்போம். மதியம் சாப்பிட வேண்டுமென்றால் அவர் கதவைத் தட்ட வேண்டும். சாவி அவர் இடுப்பில்.

நான் திருமணப் பதிவு ஜன்னலில் இருப்பவன். அவரை 'இன்ஜினியர்' என்று சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. 'அண்ணே' என்று ஒருமுறை கூப்பிட்டேன். அன்று என் தயிர் கிடைக்கவில்லை.

மார்ச் முதல் தேதி எல்லோரும் கையில் சிவப்பும் வெள்ளையுமாக மார்தெனிட்சா நூல் கட்டிக்கொள்கிறோம். முதல் நாரையைக் கண்டதும் கழற்றி ஒரு மரத்தில் மாட்டிவிடுவோம். தெர்சியெவ் கிழவிக்கும் ஒன்று கட்டுவார், சர்வரின் கைப்பிடியில். ஜன்னல் இல்லாத அறையில் கிழவி எந்த நாரையைக் காண்பாள்? எட்டு வருட நூல்கள் அப்படியே தொங்குகின்றன. "வெட்டிரலாமே இன்ஜினியர்" என்றார் தரை கூட்ட வந்த அம்மாள் ஒருமுறை. "அவ பாக்கலையே. பாக்காம எப்படிக் கழட்டறது?" என்று நிஜமாகவே கேட்டார் இவர்.

மூன்று வருடத்துக்கு முன் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஒரு நிறுவனத்தின் ஆட்கள் இரண்டு பேர் வந்து, டேட்டாபேஸின் புதிய பதிப்பை நிறுவிவிட்டுப் போனார்கள். என்ன செய்தோம் என்று விளக்க அவர்கள் அவரை உட்காரச் சொன்னபோது, "இருபது வருஷமா இவகூட குடித்தனம் நடத்தறேன், நீங்க எனக்கு அறிமுகம் பண்றீங்களா?" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டார். அவர்கள் எழுதி வைத்த இரண்டு பக்கத் தாள் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதன் மேல் மிளகாய்த் தொக்கு ஜாடி நிற்கிறது.

மாதம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை மதியம், அவர் கிழவியைச் 'செதுக்குவார்'. அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் நடைபாதையில் வந்து நின்று, "இன்னைக்குச் செதுக்கறேன், யாரும் எதையும் தொடாதீங்க" என்று அறிவிப்பார். நாங்கள் கையை மேசையிலிருந்து எடுத்துவிடுவோம். உள்ளே போய்த் தன் கோப்பில் நினைவகத்தைக் கொஞ்சம் ஏற்றுவார், எதையோ கொஞ்சம் இறக்குவார், கருத்து எழுதுவார், சர்வரை நிறுத்திக் கிளப்புவார். பிறகு ஒவ்வொரு ஜன்னலாக வருவார். கேள்வி ஒன்றுதான்: "எப்படி இருக்கு?"

"பறக்குது இன்ஜினியர்" என்போம். பறக்கவும் செய்யும். நிறுத்திக் கிளப்பும்போது காலையிலிருந்து உள்ளே தொங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே தள்ளப்படுவதால், முதல் கால் மணி நேரம் எந்த சர்வரும் பறக்கத்தான் செய்யும். அது எங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக அவர் எழுதிய எதையும் கிழவி ஒருமுறைகூட மறுத்ததில்லை. ஒருநாள் எண் போட வேண்டிய இடத்தில் தவறுதலாகத் தன் பெயரைப் போட்டுவிட்டார். அதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பினாள். "பழகிட்டா. நான் என்ன நினைக்கறேன்னு அவளுக்குப் புரியுது" என்றார். நாங்கள் மெச்சினோம்.

போன மே மாதம்தான் முதல் அடி. பாலர் பள்ளிச் சேர்க்கைப் பதிவு அப்போதுதான் இணையத்துக்கு வந்திருந்தது; வருடத்தில் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். முந்துகிறவர்களுக்கு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளி, பிந்துகிறவர்களுக்கு ஆற்றின் அந்தக் கோடி. ஒன்பது மூன்றுக்கு சர்வர் கையை விரித்தது: இடமில்லை, ஏற்கெனவே அதிகம் பேர். பிரச்சினை தாய்மார்கள்தான் என்று தெர்சியெவ் உடனே கண்டுபிடித்தார். "ஒரே நேரத்துல எல்லாரும் வந்து விழுந்தா அவ என்ன பண்ணுவா? வரிசைன்னு ஒண்ணு கிடையாதா இந்த ஊர்ல?" பிறகு பெருந்தன்மையாக, ஒரே நேரத்தில் நூறு பேர் நுழையலாம் என்றிருந்ததை ஐந்நூறு என்று மாற்றினார். கருத்தும் எழுதினார்: "தாய்மார்களுக்காக."

இந்த வருடம் துணை மேயர் விக்ரா அம்மையார் அவரை மேலே கூப்பிட்டுப் பேசினார். இன்னொரு முறை விழுந்தால், ஜூன் முதல் எல்லாம் சோஃபியா நிறுவனத்தின் கைக்குப் போகும். அறையைக் காலி செய்துவிட்டு அவர் ஆவணக் கிடங்குக்குப் போகலாம். கீழே இறங்கி வந்தவரின் முகம் வெளுத்திருந்தது. "பதறாதீங்க, என் கையில இருக்கு" என்று எங்களிடம் சொன்னார். யாரும் பதறியிருக்கவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஒன்பது இரண்டுக்கே விழுந்தது.

நடைபாதையில் எல்லாத் தொலைபேசிகளும் ஒன்றாக அலறின. நான் அவர் அறை வாசலுக்கு ஓடினேன். "ஐந்நூறு குடுத்திருக்கேனே, அதுவும் பத்தலையா?" என்று முணுமுணுத்தபடி எண்ணூறு ஆக்கினார், நிறுத்திக் கிளப்பினார். இரண்டு நிமிடம் தாங்கியது. ஆயிரம் ஆக்கினார். ஒன்றரை நிமிடம். ஒன்பது பதினைந்துக்குள் இரண்டாயிரத்துக்குப் போய்விட்டார். எங்கள் ஊரில் அந்த வயதில் அவ்வளவு குழந்தைகளே கிடையாது.

அப்போதுதான் பாலர் பள்ளிப் பிரிவின் தலைவி நெவேனா வந்தார். அன்று வர வேண்டிய முன்னூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பங்களுக்குப் பொறுப்பு அவர். கணினி வேலை படித்தவரல்ல. கணக்கு டீச்சராக இருந்தவர்.

"இன்ஜினியர், எத்தனை பேருக்கு இடம் இருக்கு?"

"ரெண்டாயிரம்."

"அப்படின்னு யார் சொன்னது?"

"நான்தான் சொல்றேன். என் கையால எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதினது இருக்கட்டும். அது என்ன சொல்லுது?"

"ஏம்மா நெவேனா, அவகிட்ட நான் கேக்கறதா? நான் சொல்றதைக் கேக்கறவ அவ."

"ஒரு தடவை கேட்டுத்தான் பாருங்களேன். கேட்டா உங்க பட்டம் போயிடாது."

சர்வர் நிறைந்து வழிந்தாலும் நிர்வாகிக்கென்று மூன்று இடங்கள் அதில் ஒதுக்கியிருக்கும். அதில் ஒன்றில் நுழைந்தார். உனக்கு எத்தனை பேர் வரம்பு என்று கேட்க ஒரே வரிதான். இத்தனை வருடத்தில் அவர் அதைத் தட்டி நான் பார்த்ததில்லை. பதில் வந்தது: நூறு.

மறுபடி தட்டினார். நூறு.

"சரி, எந்தக் கோப்பைப் படிக்குதுன்னு கேளுங்க" என்றார் நெவேனா, பரீட்சைத் தாளில் எந்த வரியில் தப்பு என்று கேட்கும் குரலில்.

அதற்கும் ஒரே வரி. கோப்பின் முழு முகவரியையும் கிழவி சொன்னாள். பெயர் அதேதான், இருக்கும் இடம் வேறு. புதிய பதிப்பின் எண்ணைத் தாங்கிய ஃபோல்டரில், சோஃபியா ஆட்கள் விட்டுப்போன நிலையிலேயே, ஒரு கைகூடப் படாமல் இருந்தது. இவர் மூன்று வருடமாகச் செதுக்கிக்கொண்டிருந்தது பழைய பதிப்பின் ஃபோல்டரில் அநாதையாகக் கிடந்த கோப்பை. ரூமனைத் திட்டியது, தன்னைத் திட்டியது, தாய்மார்களுக்காக இரங்கியது எதையும் கிழவி படிக்கவில்லை. பெயரை எழுதியபோது அவள் ஏன் கோபிக்கவில்லை என்பதும் விளங்கிவிட்டது.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாதாமாதம் 'பறக்குது' என்று சொன்ன வாய் என்னுடையது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு, அந்த மனிதர் மேல் கடுமையான கோபமும் வந்தது: போன வருடம் ஆற்றின் அந்தக் கோடிப் பள்ளிக்குப் போன குழந்தைகளில் என் தங்கை மகளும் ஒருத்தி. தினமும் இரண்டு பஸ் மாறுகிறாள்.

தெர்சியெவின் காது மடல் மட்டும் சிவந்திருந்தது. சரியான கோப்பைத் திறந்தார், நூறை முன்னூறு ஆக்கினார், கருத்து எதுவும் எழுதவில்லை. நிறுத்திக் கிளப்பினார். ஒன்பது இருபத்தாறு. தொலைபேசிகள் ஒவ்வொன்றாக அடங்கின. பத்து மணிக்கு இருநூற்றெழுபது விண்ணப்பங்கள் உள்ளே வந்திருந்தன. நெவேனா தன் பட்டியலோடு கிளம்பினார். போகும்போது யாரையும் குத்திப் பேசவில்லை, அவருக்கு நேரமில்லை.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் துணை மேயர் எதிரே வந்துவிட்டார். விக்ரா அம்மையாருக்கு மேல்மாடியில் யாரோ நல்ல சேதி சொல்லியிருக்க வேண்டும்.

"அரை மணிக்குள்ள சரி பண்ணிட்டீங்களே இன்ஜினியர். சோஃபியா ஆளுங்களா இருந்தா இந்நேரம் போனே எடுத்திருக்க மாட்டாங்க. என்ன பண்ணீங்க?"

நெவேனா நின்று திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். உண்மையைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

"புதுசா ஒண்ணுமில்லைங்க மேடம்" என்றார் தெர்சியெவ். "மூணு வருஷமா மாசாமாசம் செய்யறதுதான். இன்னைக்குக் கொஞ்சம் அழுத்திச் செஞ்சேன்."

அம்மையார் கை நீட்டினார். அவர் குனிந்து வலக்கையால் அதைப் பற்றிக் குலுக்கினார். இடக்கை முதுகுக்குப் பின்னால் போய், மேசை விளிம்பைத் தடவி, சரியான கோப்பின் முகவரி இன்னும் தெரிந்த திரையின் பொத்தானைக் கண்டுபிடித்து அணைத்தது.