பூஜையில் வைத்த வைப்ரேட்டர்

பாட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஒரே பக்கமாகத்தான் ஓடும். அதை அப்படியே டிரான்ஸ்பார்மருக்குள் விட்டால் மறுபக்கம் ஒன்றும் வராது. திசை மாறி மாறிப் பாய்ந்தால்தான் அது வேலை செய்யும். ஆவடியில் யுத்தகாலப் பட்டறையில் வயர்மேனாக இருந்தபோது கற்றுக்கொண்டது இது. கற்று என்னத்தைக் கிழித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டில் கரண்ட் கிடையாது. தங்கையின் புருஷன் பட்டாளத்துக்கு லாரி ஓட்டப் போனவர். சிங்கப்பூர் விழுந்தபிறகு அவரிடமிருந்து கடுதாசி நின்றுவிட்டது. சர்க்காரைக் கேட்டால் ‘காணவில்லை’ என்று ஒரே வரி. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் எதிரியின் ரேடியோ தமிழில் பேசுவதாகவும், நம் ஆட்களின் பேரையும் ஊரையும் வாசிப்பதாகவும் பட்டறையில் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். முதலில் பிடிபட்டவர்கள், பிறகு செத்தவர்கள். ஒரு பேரை ஒரு தடவைதான் சொல்வார்களாம். அதைக் கேட்பது குற்றம். கேட்காமல், தங்கை முகத்தைப் பார்த்துக்கொண்டு சோறு தின்பது அதைவிடக் கொடுமையாக இருந்தது.

குண்டு பயத்தில் பட்டணத்தைக் காலி செய்த ஒருவர் ஒரு ரேடியோவை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். வீட்டுக் கரண்டில் ஓடும் ரேடியோ. அதற்காகக் கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டு ஒரு வைப்ரேட்டர் பெட்டி செய்தேன். இன்று இன்வெர்ட்டர் என்கிறார்களே, அதுதான். உள்ளே ஒரு எஃகு நாக்கு இடமும் வலமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒவ்வொரு அடிக்கும் லாரி பாட்டரியின் மின்சாரம் டிரான்ஸ்பார்மரில் திசை மாறும். மறுபக்கம் வீட்டுக் கரண்ட் மாதிரி ஒன்று வரும்.

மாதிரிதான். நிஜக் கரண்ட் வளைந்து ஏறி வளைந்து இறங்கும். பட்டறையில் ஒரு மோட்டார் ஜெனரேட்டரைச் சுற்றும், அதில் வருவதும் அப்படி வழவழவென்றுதான் இருக்கும். அதைத் தூக்க நாலு ஆள் வேண்டும். என் பெட்டியில் வருவது சட்டென்று ஏறும், நிற்கும், சட்டென்று விழும். வரைந்து பார்த்தால் சதுரம் சதுரமாக இருக்கும். பல்புக்கு எந்த வடிவமானாலும் ஒன்றுதான். ரேடியோவுக்கு அப்படியில்லை. சதுரத்தின் கூர்மூலைகளும், நாக்கு முனையில் தெறிக்கும் பொறியும் சேர்ந்து ‘கர்ர்’ரென்று இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் பேர்கள் முங்கிப்போயின.

“இன்னாண்ணா சொல்றான்? அவுரு பேரா?” என்று தங்கை ஒவ்வொரு பேருக்கும் கேட்பாள். இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு நாக்கு தள்ளியது.

கண்டென்சர்களை மாற்றி மாற்றிப் போட்டு, பொறியை அடக்கி, மூலைகளைக் கொஞ்சம் மழுக்கினேன். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் குரல் தெளிந்தது. ஊர்ப் பேர்கள் தனித்தனியாகக் காதில் விழுந்தன. தங்கை அன்றைக்குத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் ஏர், மண்வெட்டி, என் ஸ்பேனர்களோடு அந்தப் பெட்டியையும் பூஜையில் வைத்தேன். சந்தனம், குங்குமம், பொரி, கடலை. பூஜையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். விளக்கு வைக்கும் நேரத்தில் தங்கை வந்து நின்றாள்.

“ஒரு தபா போடேண்ணா. பேரு படிச்சதும் மறுபடியும் பூஜையில வெச்சிடலாம்.”

“சாமி குத்தம் ஆயிடும். நாளிக்குப் பாக்கலாம், போ.”

சாமியும் இல்லை, குத்தமும் இல்லை. ஒரு சாயங்காலமாவது அவள் முகத்துக்கு முன்னால் உட்காராமல் இருக்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் உண்மை.

விஜயதசமியும் கழிந்து பட்டறைக்குப் போனதும், முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அங்கே வேலைக்கு வரும் குமாஸ்தா என்னை ஓரமாக இழுத்தார். வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், ஆயுதபூஜை இல்லாத வீடு. அவருடையது பாட்டரியிலேயே ஓடும் ரேடியோ.

“முந்தாநேத்து உங்க ஊரு சொன்னான்பா. அம்பத்தூரு கள்ளிக்குப்பம், லாரி டிரைவரு. உங்க மச்சான் பேருதான்.”

“பிடிபட்டவங்கள்லயா, செத்தவங்கள்லயா?”

“நான் பாதியிலதான் வெச்சேன். அந்தப் பேரு வந்துச்சு, உடனே நிலையம் போயிடுச்சு.”

அதற்குப்பிறகு தினமும் கேட்டேன். கண்ணாடி மாதிரிக் கேட்டது. அந்தப் பேர் மறுபடி வரவில்லை. குமாஸ்தா சொன்னதைத் தங்கையிடம் மறைத்துவிட்டேன். பூஜையன்றைக்கு மழை மேகம், யாருக்கும் நிலையம் எடுக்கவில்லையாம் என்று புளுகினேன்.

யுத்தம் முடிந்தது. பிடிபட்டவர்கள் ஒவ்வொருவராக ரயிலில் வந்து இறங்கினார்கள். அவர் வரவில்லை. செத்ததாகவும் கடிதம் இல்லை. தங்கை பொட்டையும் அழிக்கவில்லை, பூவும் வைக்கவில்லை. யாராவது கேட்டால் என்னைக் கைகாட்டுவாள்:

“ஒரு நா உடாம அண்ணன் கேட்டுகினுதான் இருந்துச்சு. பேரு வரவேயில்ல. செத்திருந்தா படிச்சிருப்பான்ல?”

நான் ஆமாம் என்று தலையாட்டுவேன்.