துணியில் ஊற்றிப் பார்த்து வாங்கிய ஒயின்

ஊரில் விற்கிற சிவப்பு ஒயின் எதுவானாலும், பாட்டிலைக் கண்ணால் பார்க்காமலே கறையக்கா அதன் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். இது கொஞ்சம் ஊதிப் பெருக்கிய பேச்சுதான். பாட்டிலைப் பார்க்க வேண்டாம். ஆனால் ஒரு சொட்டாவது வெள்ளைத் துணியில் விழுந்திருக்க வேண்டும். பெயரும் ஊரும் சொல்லமாட்டாள். "இது போகும், இது போகாது" என்பாள், அவ்வளவுதான்.

ட்ரைகிளீனிங் கடையில் இருபத்தாறு வருஷம் கறை எடுத்தவள் அவள். யார் வீட்டில் விருந்து நடந்தாலும் அது திங்கட்கிழமை காலையில் அவள் மேஜைக்கு வந்து சேர்ந்துவிடும். சட்டைக் கையில் சாஸ், கழுத்துப்பட்டையில் உதட்டுச்சாயம், மேஜை விரிப்பில் ஒயின். அத்தனை ஒயினைப் பார்த்தவள் இந்தக் கதை நடக்கும்வரை ஒரு மடக்குக்கூடக் குடித்தது கிடையாது.

மகனுக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மருமகளின் அப்பா எலும்பு டாக்டர். அவரும் மனைவியும் முதல்முறையாகச் சாப்பிட வருவதாக இருந்தார்கள். முந்தின வாரம் டாக்டரின் மனைவி போன் செய்தார்.

"நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. இவருக்குச் சாப்பாட்டோட ஒரு கிளாஸ் ரெட் ஒயின் வேணும். அதை நாங்களே கொண்டு வந்துடறோம்."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனாலும் கறையக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. கணவர் போன பிறகு தனியாளாகப் பிள்ளையை வளர்த்தவள். தன் வீட்டு மேஜைக்கு வருகிறவர்கள் பாட்டிலைக் கையில் தூக்கிக்கொண்டு வருவதா? "எங்க வீட்டுல ஒயின் இருக்கு சம்பந்தியம்மா" என்று வாய் முந்திக்கொண்டது. வீட்டில் இருந்தது ஒரு பாட்டில் வினிகர்.

மறுநாள் மத்தியானம் ஒயின் கடைக்குப் போனாள். கல்லாவில் ஒரு பெண். சுவர் முழுக்க பாட்டில். கறையக்கா இருப்பதிலேயே கனமான பாட்டிலை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ணாடிக்குத்தான் காசு கொடுப்பீங்க" என்றாள் கடைக்காரப் பெண். "உங்க பட்ஜெட் என்ன?"

கறையக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அதுல நல்லதாவே கிடைக்கும். கீழ்த்தட்டுல பாருங்க."

"பழசாப் பார்த்துக் கொடும்மா. பழசுன்னாதான் மதிப்புன்னு சொல்றாங்க."

"இந்த விலையில பழசு வாங்கினா வெறும் பழசுதான். போன வருஷத்துது, அதுக்கு முந்தின வருஷத்துது எடுங்க."

பெரிய பாட்டிலாக வாங்கி ஏமாறுவதைவிட, கால் பாட்டிலாக மூன்று வாங்கிப் பார்க்கலாம் என்று கடைக்காரப் பெண்தான் யோசனை சொன்னாள்.

மூன்றையும் தன் ட்ரைகிளீனிங் கடையின் பின்னறைக்குக் கொண்டுவந்தாள். நீராவியும் சூடான கம்பளி வாசமும் நிரம்பிய அறை அது. கூடவே இஸ்திரி போடுகிறவள். அவள் பெயரே நீராவி. பெட்டியைவிடச் சீக்கிரம் கொதிப்பவள். கறையக்கா பழைய வெள்ளைத் தலையணை உறை ஒன்றை விரித்து, ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டு விட்டாள்.

"அக்கா, அதை வாயில ஊத்தணும். துணிக்கு என்ன தெரியும்?"

"உன் வாயைவிட அதுக்குத் தெரியும். சும்மா இருடி."

முதல் சொட்டு மை கொட்டினாற்போல் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர், வினிகர், சோப்பு எதற்கும் மசியவில்லை. இரண்டாவது பிசுபிசுவென்று ஊதாவாகப் பரவியது. மூன்றாவது ரோஜா நிறத்தில் மெல்லிய வளையம் கட்டி, குளிர்ந்த தண்ணீர் பட்டதும் பாதி கரைந்தது. வினிகருக்கு மீதியும் போய்விட்டது.

"இதுதான்" என்றாள் கறையக்கா.

நீராவி விடவில்லை. டீ டம்ளர்களில் ஊற்றி இருவரும் குடித்துப் பார்த்தார்கள். முதலாவது, டீத்தூளை அரைமணி நேரம் கொதிக்கவிட்டதுபோல் நாக்கை இழுத்துப் பிடித்தது. இரண்டாவது இருமல் மருந்து. மூன்றாவது செர்ரிப் பழம்போல் வந்து, லேசாகப் புளித்து, வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நீராவி டம்ளரை இன்னொரு தடவை நீட்டினாள்.

"துணியில ஒட்டறது நாக்குலயும் ஒட்டுது பாத்தியா" என்றாள் கறையக்கா.

"நான் ஒண்ணும் பாக்கலை. ஊத்துங்க."

அந்த மூன்றாவதிலேயே முழு பாட்டில் ஒன்று வாங்கினாள். கடைக்காரப் பெண் சொன்னபடி, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு ஃபிரிட்ஜில் வைத்தாள்.

வறுத்த கோழியும் காளானும் மேஜைக்கு வந்தன. டாக்டர் கிளாஸைச் சுழற்றினார், மூக்கை உள்ளே விட்டார், ஒரு மிடறு குடித்தார். கோழியை வெட்டினார். கறையக்கா தன் தட்டைத் தொடாமல் அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகள் ஏதோ கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். அப்போது டாக்டரின் கை, யாரையும் கேட்காமல், சொந்த வீட்டில் நீள்வதுபோல் பாட்டிலை நோக்கி நீண்டது. கறையக்கா எழுந்து சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள்.

பதினாலு வருஷமாகிவிட்டது. ட்ரைகிளீனிங் கடை இருந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். நீராவி மகளோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள், எப்போதாவது பாட்டில் படம் அனுப்பி, "இது போகுமா, போகாதா?" என்று கேட்பாள். அந்தப் பின்னறைச் சூடு இன்னும் முதுகில் இருப்பதாகக் கறையக்கா சொல்வாள். யார் விருந்துக்கு வந்தாலும் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. போன ஞாயிறும் மருமகளின் தோழிகளை உட்கார வைத்துச் சொன்னாள்.

"ரெண்டு கிளாஸ் குடிச்சாரு. என்ன விலைன்னு இன்னிக்கு வரைக்கும் டாக்டருக்குத் தெரியாது."

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தெரியும் சம்பந்தியம்மா. பாட்டிலுக்குப் பின்னாடி விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. எங்க வீட்டம்மா கண்ணுல படறதுக்குள்ள கிழிச்சுச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அப்புறம், ரெண்டு கிளாஸ் இல்ல. மூணு."