சங்கத்துக்கு ஒரு விதவை

கடை நடத்துகிறவர்கள் சங்கம் வைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். கடையைக் கட்டி வாடகைக்கு விட்டவர்களும் சங்கம் வைப்பார்கள் என்பது, அந்தச் சங்கம் என்னைத் தேடி வந்த அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

யுத்தம் முடிந்து, தேர்தல் நடந்து, சென்னையில் புது மந்திரிசபை உட்கார்ந்திருந்த சமயம். யுத்த காலத்தில் சர்க்கார் ஓர் உத்தரவு போட்டிருந்தது. வாடகையை இஷ்டத்துக்கு ஏற்றக் கூடாது, இருக்கிறவனைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. அதை இனி சட்டமாகவே ஆக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. மதுரையில் மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் வரிசையாகக் கடை கட்டி விட்டிருந்த பெரிய மனிதர்களுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. சட்டசபை மெம்பர்களைப் பார்த்துப் பேசி, சட்டம் வரும்போதே அதைத் தங்கள் பக்கம் கொஞ்சம் வளைத்துவிட வேண்டும் என்று சங்கம் ஆரம்பித்தார்கள். அந்தச் சங்கத்தின் தலைவர்தான் வில்லாபுரத்தில் என் வீட்டு வாசலில் குதிரைவண்டியை விட்டு இறங்கினார்.

அவர் எனக்குப் புதியவர் இல்லை. கீழமாசி வீதியில் என் வீட்டுக்காரர் கட்டிய கடை ஒன்று இருந்தது. அவர் போன பிறகு எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். அந்தக் கடையில் வெகுகாலமாக ஜவுளி வியாபாரம் செய்துவந்தவர் இந்தத் தலைவர்தான். வியாபாரம் பெருகி, சொந்தத்தில் வரிசைக் கடைகளும் சரக்கு வைக்கக் கிட்டங்கிகளும் கட்டிவிட்டார். என் கடையை மட்டும் விடவில்லை. ராசியான கடையாம். ஊருக்கெல்லாம் சொந்தக்காரர், எனக்கு மட்டும் வாடகைக்காரர். சங்கத்தில் உட்கார்ந்து சர்க்கார் உத்தரவைத் திட்டுவார். நான் போய்க் கடையைக் கேட்டால் அதே உத்தரவைக் காட்டி, "நான் என்னக்கா செய்ய, சட்டம் இடம் குடுக்கலயே" என்பார். அந்த முகத்தில் அப்போது ஓர் அறை விடலாமா என்றிருக்கும். இப்போதும் இருக்கிறது, ஆள் இல்லை.

கடையை நான் கேட்டது என் மகனுக்காக. ரங்கூனில் மரவாடியில் வேலைக்குப் போனவன். ஜப்பான்காரன் குண்டு போட்டதும் காட்டுவழியாக நடந்தே வந்தான். வழியில் இடது காலில் பிடித்த புண் ஆறவே இல்லை. ஊர் வந்து சேர்ந்ததும் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். படிப்பும் ஏறாதவன். மில்லுக்குப் போனான், நிற்கிற வேலைக்கு ஆகாது என்றார்கள். வண்டிப்பேட்டைக்குப் போனான், சிரித்தார்கள். அப்புறம் எங்கேயும் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான்.

ஒரு சாயங்காலம் ஆளைக் காணவில்லை. விசாரித்துக்கொண்டே வண்டியூர்த் தெப்பக்குளம் வரைக்கும் ஓடினேன். கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தான். கைக்கம்பு நாலு படிக்கு மேலே கிடந்தது.

"என்னடா பண்றே இங்க?"

"காத்து வாங்க வந்தேன் ஆத்தா."

காற்று வாங்க வந்தவன் கம்பை எட்டாத இடத்திலா போட்டுவிட்டு இறங்குவான்? பக்கத்தில் போய் அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவனாகவே சொன்னான். "அய்யா கடை கையில இருந்துச்சுன்னா ஒரு ஓரமா உக்காந்து கயிறு வித்தாச்சும் பொழைச்சுக்குவேன். உக்காந்து செய்யிற வேலைக்குக் காலு எதுக்கு ஆத்தா?"

அன்றையிலிருந்து எனக்கு வேறு நினைப்பே கிடையாது. கடை வந்தால் மகன் இருப்பான், வராவிட்டால் தெப்பக்குளம். இப்படித்தான் என் புத்தியில் பதிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் தலைவர் வந்தார்.

"அக்கா, மெட்ராசுக்கு ஒரு நடை வந்துட்டுப் போகணும். நாங்க போயி நின்னா, கொழுத்தவனுக பொலம்புறானுகன்னு சொல்லிப்புடுவாக. நீங்க வந்து நின்னு ரெண்டு சொட்டுக் கண்ணீர் விட்டீகன்னா மெம்பர் மனசு எளகிரும்."

"அம்புட்டுத் தூரம் வந்து நான் அழுகுறதுக்கு எனக்கு என்ன கெடைக்கும்ணே?"

அவர் யோசிக்கவே இல்லை. "சொந்தக்காரனுக்குத் தேவைன்னா கடையைத் திருப்பிக் குடுத்துரணும்னு அதையும் சேத்தே கேப்போம்க்கா. அது சட்டத்துல வந்துருச்சுன்னா நானே சாவியைக் கொண்டாந்து உங்க கையில தாரேன்."

உள்ளே என் மகன் திரும்பிப் படுக்கிற சத்தம் கேட்டது. நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நல்ல நேரம் பார்த்துத் தலைவர் வீட்டிலிருந்து எல்லாரும் புறப்படுவதாக ஏற்பாடு. முதல் நாள் அவருடைய கணக்குப்பிள்ளை வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே, ரொம்பப் பக்குவமாகப் பேசினார். "நீங்க அங்கிட்டு வர வேணாம்க்கா. நேரா ஸ்டேசனுக்குப் போயி, நாங்க வாரதுக்கு முந்தியே பொம்பளைக பெட்டியில ஏறி, சன்னலை விட்டுத் தள்ளி உக்காந்துக்கங்க. காரியமாப் போறோம் பாருங்க, எதுக்க வந்துரக் கூடாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது அவர் தெருமுனை தாண்டிவிட்டார். மெம்பர் முன்னால் நிறுத்த அவர்களுக்கு விதவை வேண்டும். புறப்படும்போது விதவை கண்ணில் படக் கூடாது. சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். இருந்தாலும் போனேன். சொன்னபடியே பெட்டியில் மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டேன். அவர்கள் பிளாட்பாரத்துக்குள் நுழைகிற நேரத்துக்கு நிறைகுடத்தோடு ஒரு சுமங்கலி எதிரே வந்தாளாம். தற்செயலாக வந்தவள் இல்லை, தலைவர் வீட்டு வேலைக்காரி. வழியெல்லாம் அந்தச் சகுனத்தைப் பற்றியே பெருமையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள் என்று கணக்குப்பிள்ளையே என்னிடம் சொன்னார்.

மெட்ராசில் மெம்பர் வீட்டு வாசலுக்குப் போனதும் எல்லாம் தலைகீழ். "அக்கா முன்னாடி வாங்க, முன்னாடி வாங்க" என்று எல்லாரும் எனக்கு வழிவிட்டார்கள். மாலை போடுகிறவருக்கும் முன்னால் நான். அன்றைக்கு அவர்களுக்கு நான்தான் நிறைகுடம்.

மெம்பர் கதர்ச்சட்டை போட்ட, நல்ல முகமுள்ள மனிதர். அவசரத்தில் இருந்தார். தலைவர் பேசினார். புதிதாகக் கட்டுகிற கட்டிடங்களைச் சட்டத்தில் சேர்க்கக் கூடாது, இல்லாவிட்டால் இனி ஒருத்தனும் செங்கல் வாங்க மாட்டான் என்றார். வரியும் மராமத்துச் செலவும் ஏறும்போது வாடகையும் ஏற வேண்டும் என்றார். நியாயமாகத்தான் பேசினார், குறை சொல்ல மாட்டேன். அந்தப் பழைய வாடகையில் மாசத்துக்கு அரிசி வாங்க முடியாமல் தவித்தவள் நான். என் விஷயம் எப்போது வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கடைசியில் என் பக்கம் கையை நீட்டி, "இந்த அம்மாளைப் பாருங்கய்யா, தாலியறுத்தவுக, ஒரே ஒரு கடையை நம்பி இருக்காக" என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் அழ வேண்டிய இடம் அது.

எனக்கு அழுகை வரவில்லை. வாய்தான் வந்தது.

"அய்யா, எனக்கு வாடகை ஏற வேணாம். கடையே வேணும். எம்மகன் காலில்லாதவன். அவன் உக்காந்து பொழைக்கணும். சொந்தக்காரி கேட்டாக் குடுத்துரணும்னு ஒரு வார்த்தை சட்டத்துல போட்டீகன்னா உங்க பிள்ளகுட்டிக நல்லா இருக்கும்."

மெம்பர் நிமிர்ந்து பார்த்தார். "கடையைக் கொடுக்க மாட்டேன் என்கிறவர் யாரம்மா?"

நான் தலைவரைப் பார்த்தேன். "இவுகதான்யா."

யாரோ ஒருவர் இருமினார். மெம்பர் ஒரு கணம் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, உரக்கச் சிரித்தார். நல்ல மனிதர்களும் சிரிக்கக் கூடாத இடத்தில் சிரித்துவிடுகிறார்கள். "அப்படியானால் இதற்குச் சட்டம் எதற்கு? ஒரே ஊர், ஒரே சங்கம். நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளலாமே!"

"ஆமாங்கய்யா, ஊருக்குப் போனதும் பேசி முடிச்சுருவோம்" என்றார் தலைவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே.

திரும்புகிற ரயிலில் என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. மதுரையில் இறங்கி, "எப்பண்ணே பேசுவோம்?" என்று நான் கேட்டதற்கு, "என்னை அம்புட்டுப் பேருக்கு முன்னாடி அசிங்கப்படுத்திட்டு, இன்னும் என்ன பேச்சு?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சட்டம் வந்தது. புதுக் கட்டிடங்களுக்கு விலக்குக் கிடைத்துவிட்டது என்று சங்கத்தில் மாலை மரியாதை எல்லாம் நடந்ததாகக் கேள்வி. என் கேள்விக்கு என்ன பதில் என்று தெரிந்துகொள்ள ஒரு வக்கீலிடம் போனேன். சொந்த வியாபாரத்துக்காகக் கேட்கலாம் அம்மா, ஆனால் உங்கள் மகன் ஏற்கெனவே ஒரு வியாபாரம் நடத்திக்கொண்டிருக்க வேண்டும் என்றார். கடை இல்லாமல் எப்படி வியாபாரம் நடத்துவான் என்றேன். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும். அந்தப் பழமொழிக்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை, எங்கள் ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து மகனிடம் சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம், தெம்பில்லை. அவன் சுவரைப் பார்த்தபடியே, "அன்னைக்குத் தெப்பக்குளத்துலயே விட்டுட்டு வந்திருக்கலாம்ல ஆத்தா" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு கீழமாசி வீதிக்கு நடந்தேன். ஏன் போகிறேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. காலில் விழலாம் என்றுகூட நினைத்திருப்பேன். தலைவர் வண்டியை விட்டு இறங்கி, சாவிக்கொத்தோடு படியேற வந்தார். நேர் எதிரே நான் நின்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்படியே வண்டியில் ஏறித் திரும்பிப் போனார். வீட்டில் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சகுனம் கழித்துவிட்டு மறுபடியும் வந்தார். நானும் மறுபடியும் எதிரே நின்றேன்.

அதற்குப் பிறகு தினமும் அதுதான் என் வேலை. கணக்குப்பிள்ளை கெஞ்சிப் பார்த்தார், மிரட்டிப் பார்த்தார். போலீஸ்காரர் ஒருவர் வந்து விசாரித்தார். "ரோட்டுல நிக்கிறேன்யா. எங்கடையை நான் பாக்கக் கூடாதா?" என்றேன், அவர் போய்விட்டார். கடைக்கு வருகிற பெண்கள், கல்யாணச் சேலை எடுக்க வந்தவர்கள், என்னைக் கண்டதும் தெருவின் மறுபக்கம் நகர்ந்து வேறு கடைக்குப் போனார்கள். என் கூடப்பிறந்த தம்பியே ஊரிலிருந்து வந்து, "உன்னை நீயே மூதேவின்னு பறைசாத்திக்கிட்டு நிக்கிறியே, வெக்கமா இல்லையா?" என்று கேட்டான். வெட்கம்தான். பட்டுச்சேலை வாங்க வந்த ஒரு சின்னப்பெண் என்னைப் பார்த்துப் பயந்து அவள் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கை வைக்க முடியவில்லை. ஆனால் விடிந்ததும் போனேன்.

ராசிக்காகத்தான் அவர் அந்தக் கடையைக் கட்டிக்கொண்டு அழுதார். ராசி போயிற்று. அந்த ஆடி கழிவதற்குள் வியாபாரம் படுத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். என்னாலா, வேறு எதனாலா, எனக்குத் தெரியாது. ஒரு நாள் கணக்குப்பிள்ளை வந்து சாவிக்கொத்தை என் கையில் கொடுக்காமல், படியில் வைத்துவிட்டுப் போனார்.

மகன் எழுந்து உட்கார்ந்தான். முகம் மழித்துக்கொண்டான். என் தம்பி மேற்கே இருந்து கயிறும் சாக்கும் முறமும் வண்டியில் ஏற்றி அனுப்பினான். மாட்டுக்கயிறு எங்கே தொங்க வேண்டும், வடம் எங்கே சுருட்டி வைக்க வேண்டும் என்று மகன் வீட்டு வாசலில் உட்கார்ந்து கம்பை நீட்டி வண்டிக்காரனை அதட்டுவதைக் கேட்டுக்கொண்டே சமைத்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு உப்பு, புளி சரியாக விழுந்தது.

கடை திறக்கிறதற்கு முந்திய நாள், சாப்பிட்டுவிட்டு அவன் எழுந்திருக்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல ஆத்தா. நாளைக்குக் காலையில தேங்கா ஒடைக்கும்போது..." என்று இழுத்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ அங்க மாசக்கணக்கா நின்னது வீதியெல்லாம் தெரியும். தொறக்கிறப்ப எதுக்க இருந்தீன்னா நாலு பேரு உள்ள வர யோசிப்பாக. நீ பின்சந்து வழியா வந்துரு. என்ன?"

"சரிய்யா, வாரேன்" என்றேன்.

மறுநாள் பின்சந்தில், பூட்டிய கதவுக்கு வெளியே நின்றேன். முன்பக்கம் தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது, சாம்பிராணி மணந்தது. யாரோ மாட்டுக்கயிறு விலை கேட்டார், என் மகன் கணீரென்று பதில் சொன்னான். முதல் போணி ஆன பிறகு கதவைத் திறந்துவிட்டான்.